அகர வரிசையில் பத்துப் பாரங்கள்

ஜூன் 4, ஞாயிறு

அம்மாவின் வைத்தியப் புத்தகத்தை இன்று பிரித்தேன். அட்டை இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை, முதுகில் இருந்த துணி தொட்டதும் உதிர்ந்தது. பழைய நூலை அறுத்து எடுத்தபின் மேசை மேல் பத்துப் பாரங்கள் கிடந்தன. பாரம் என்பது அச்சகத்துச் சொல். பதினாறு பக்கங்களை ஒரே தாளில் அச்சடித்து, மடித்து வைத்த ஒரு கட்டு. பிரிக்கும்போது என் முழங்கை பட்டு மூன்று பாரங்கள் கீழே விழுந்தன. வரிசை கலைந்துவிட்டது. அதனால் பெரிய நஷ்டமில்லை என்றே நினைக்கிறேன்.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு இது. இதுவரை ஆறு புத்தகங்களைத் தைத்திருக்கிறேன். ஆறும் என் சொந்தப் புத்தகங்கள். அம்மாவுடையதைத் தொடுவது இதுவே முதல் முறை.

பக்க எண்கள் மேல் மூலையில் இருந்திருக்க வேண்டும். மூலைகளைப் பூச்சி அரித்து அரைவட்டமாக்கிவிட்டது.

ஜூன் 6, செவ்வாய்

அச்சகம் வைத்திருந்த இருதயராஜைத் தொலைபேசியில் கேட்டேன்.

“பக்க நம்பர் போச்சா? போனா போகுது. ஒவ்வொரு பாரத்துலயும் மொதப் பக்கத்துக்கு அடியில சின்னதா ஒரு அடையாளம் இருக்கும் பாத்துக்கோ. பைண்டர் அதப் பாத்துத்தான் அடுக்குவான்.”

இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எழுத்து. அகர வரிசையில் அடுக்கினேன்: அ, உ, எ, க, கூ, ங, ச, சு, ய, ரு.

ஆனால் ஒன்று இடிக்கிறது. ‘அ’ இருக்கிறது, ‘ஆ’ இல்லை. ‘இ’, ‘ஈ’ இல்லை. ‘க’ இருக்கிறது, ‘கா’ இல்லை. இந்தக் கணக்கில் பார்த்தால் புத்தகம் மிகப் பெரியதாக இருந்திருக்க வேண்டும். நம்மிடம் எஞ்சியிருப்பது அதில் ஒரு பங்குதான்.

மற்ற பாரங்களை யார் எடுத்தார்கள்?

ஜூன் 7, புதன்

தங்கை செண்பகவல்லியிடம் பேசினேன். அம்மா காலமான பின், புத்தகம் இருந்த அவள் பெட்டியைத் திறந்தபோது நாங்கள் இருவரும்தான் இருந்தோம். புத்தகம் தனக்கு வேண்டும் என்று அன்றே கேட்டவள் அவள்.

“அம்மா வச்சிருந்த புக்கு இம்புட்டுதாண்ணே. தலகாணி சைஸ்லயா இருந்துச்சு? நான் எதுக்குக் கிழிக்கப் போறேன்?”

“கிழிச்சேன்னு நான் சொல்லலியே.”

“சொல்லல. கேக்குத தோரணைலயே தெரியுதே. பத்திரிகைக்காரன் புத்தி ஒன்னைய விட்டுப் போவாது.”

கேட்காமலேயே ‘கிழிக்க’ என்ற சொல்லை அவள் பயன்படுத்தியதைக் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 8, வியாழன்

மரகதத்திடமும் கேட்டேன். என் மனைவி கரூர்ப் பக்கத்துக்காரி. மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெட்டி ஓராண்டாக எங்கள் வீட்டில், அவள் பீரோவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“ஏனுங்க, உங்கம்மா பொட்டிய நான் எதுக்குங்க தொறக்கறேன்? அவுங்க இருக்கறப்பவே தொட உடமாட்டாங்க.”

உண்மைதான். ஆனால் பழைய தாள்களை அடுப்படி அலமாரித் தட்டுகளில் விரிக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. அவள் கோயிலுக்குப் போனபோது தட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் என் பழைய செய்தித்தாள்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சென்ற மாதம் செண்பகவல்லியின் மகள் சுபாஷினிக்கு வளைகாப்பு நடந்தது. எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து வளையல் அடுக்கினார்கள். மரகதம் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முறை வரவேயில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஏதோ சொன்னார், செண்பகவல்லி வேறு யாரையோ கூப்பிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மரகதம் அதைப்பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரையும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

தைத்து முடித்தேன். ஊசி ஒவ்வொரு பாரத்தின் நடு மடிப்பிலும் உள்ளே போய் வெளியே வர வேண்டும். நூலில் மெழுகு தடவிக்கொண்டதால் சிக்கவில்லை.

பிறகு பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, பூச்சி அரித்த மூலைகள் போகுமளவுக்கு ஓரங்களைக் கத்தியால் சீவினேன். விளிம்பு கண்ணாடி போல நேராக வந்தது. மூலையில் ஒட்டியிருந்த எழுத்துகளின் மிச்சங்கள் சீவலோடு போயின.

‘ய’ பாரத்தின் கடைசிப் பக்கத்தில் ‘முற்றிற்று’ என்று அச்சாகியிருக்கிறது. அதற்குப் பின்னும் ‘ரு’ இருக்கிறது. முதல் பாகம் அங்கே முடிகிறது போலும். இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு பாரம் மிஞ்சியிருக்கிறது. மற்றதை எடுத்தவருக்கு அது வேண்டாமலிருந்ததோ, கண்ணில் படவில்லையோ.

மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்தேன்.

“அந்தச் சட்டிய இனி அடுப்படிக்குள்ள கொண்டாராதீங்க, விசமுங்க அது” என்றாள் மரகதம். சட்டியைப் பின்கட்டில் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 12, திங்கள்

பசை காய்கிறது. அட்டைக்கு நீலக் காலிகோ துணி வாங்கினேன்.

ஜூன் 14, புதன்

முடிந்தது. அழுத்தத்திலிருந்து எடுத்துத் திறந்து பார்த்தேன். எங்கே திறந்தாலும் தட்டையாகப் படுக்கிறது. நான் செய்ததில் இதுவே சிறந்தது.

மரகதம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து புரட்டினாள்.

“படிச்சுப் பாத்தீங்களா?”

“படிக்கிறதுக்கா பண்ணேன்?”

“அப்பறம் எதுக்குங்க?”

புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கி மூடினேன். அது மருந்துப் புத்தகம், எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் தொடங்கலாம். எழுத்து வரிசை இருக்கும்போது படித்துச் சரிபார்க்க என்ன இருக்கிறது?

ஜூன் 19, திங்கள்

சுபாஷினிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, சுகப்பிரசவம். செண்பகவல்லி மருத்துவமனையிலிருந்தே பேசினாள்.

“அண்ணே, புக்கக் குடு. லேகியம் கிண்டணும். எனக்கு, சித்திக்கு, எல்லாருக்கும் அம்மா அதப் பாத்துத்தான் கிண்டுனா.”

இப்போதுதான் கட்டி முடித்திருக்கிறேன், அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் பசை இளகிவிடும் என்றேன். பொய்யில்லை. அவள் கைக்குப் போனால் திரும்பி வராது என்பதும் பொய்யில்லை.

“நீ குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அப்பம் மைனியக் கிண்டித் தரச் சொல்லு. புள்ளையப் பெத்தவளப் பட்டினி போடாத.”

மரகதத்திடம் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகிழ்ச்சி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 22, வியாழன்

காலை முழுவதும் வீடு நெய்யும் கருப்பட்டியுமாக மணத்தது. மரகதம் டவுனுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் சரக்கு வாங்கி வந்திருந்தாள். புத்தகத்தைச் சமையல் மேடைக்கு எதிரே நாற்காலியில் விரித்து வைத்து, தூரத்திலிருந்தே வாய்விட்டுப் படித்துப் படித்துக் கிளறினாள். பசை இளகக் கூடாது என்று நான் சொன்னதற்காக அப்படி. பக்கம் புரட்ட மட்டும் என்னைக் கூப்பிட்டாள். நான்தான் புரட்டினேன்.

மாலையில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்களில் நிரப்பி அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

“குழந்தையப் பாத்தியா?”

“தூங்குதுன்னாங்க. வாசல்லயே வாங்கிக்கிட்டாங்க.”

ஜூன் 25, ஞாயிறு

சுபாஷினியை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து ஓயாத வயிற்றுப்போக்கு. உடம்பில் நீரே இல்லை என்று குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. நான் போனபோது மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ன சாப்பிட்டாள் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். வீட்டுச் சாப்பாட்டைத் தவிர ஒன்றே ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக்குப் போனேன். மயில்துத்தச் சட்டி கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. அடியில் பசை காய்ந்து நீலமாக ஒட்டியிருந்தது. யாரும் எடுக்கவில்லை. மூச்சு வந்தது.

மரகதம் விளக்கேற்றிவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தவறும் செய்யாதவள் கேட்க மாட்டாளா?

ஜூன் 26, திங்கள்

செண்பகவல்லி பேசினாள். சுபாஷினி தேறி வருகிறாள், ஆபத்து இல்லை.

“அண்ணே, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும். மைனிக்கு எம்மவ மேல என்ன கோவம்?”

“என்ன பேச்சு பேசுத?”

“அம்மா கிண்டுனா பூண்டு வாசம் தெருமுக்கு வரைக்கும் வரும். இதுல பூண்டே இல்ல. மொத நாளே நெனச்சேன். சொன்னா தப்பாயிரும்னு இருந்தேன். வளகாப்புல நடந்ததுக்கு எங்கிட்ட நேருக்கு நேரா சண்ட போட்டிருக்கலாமில்லா? பச்ச ஒடம்புக்காரிட்டயா காட்டணும்?”

போனை வைத்துவிட்டேன். மரகதம் நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை.

“பூண்டு போடலியா நீ?” என்று மட்டும் கேட்டேன்.

“புஸ்தகத்துல போட்டிருந்தத போட்டேனுங்க.”

“ருசி பாத்தியா?”

“பாத்தேன். பாத்து என்னங்க? எனக்கு யாரு கிண்டிக் குடுத்தாங்க, ருசி தெரியறதுக்கு?”

ஜூன் 27, செவ்வாய்

இரண்டு தரப்பையும் விசாரிக்காமல் ஒரு செய்தியை எழுதக் கூடாது. மூன்றாவதாகச் சம்பந்தமில்லாத ஒருவரையும் கேட்க வேண்டும். மரகதத்திடம் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, டவுனில் கீழரத வீதியிலிருக்கும் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிச்சையாவுக்கு என்னைத் தெரியும்.

“போன வாரம் எங்க வீட்டம்மா என்னென்ன வாங்குனாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“இல்லாம என்ன சார்? சுக்கு, மிளகு, திப்பிலி, சதகுப்பை, ஓமம். அப்புறம் கடுக்காத் தோலு. நிலாவாரை ரெண்டு கைப்பிடி.”

“நிலாவாரையா?”

“ஆமா. நானே ரெண்டு கைப்பிடியான்னு திருப்பிக் கேட்டேன். ஆமாங்கன்னாவ. ஒரு சிட்டிகைக்கே மனுசன் செம்பத் தூக்கிட்டு ஓடுவான். யாருக்கு மலங்கட்டிக்கிட்டுன்னு பொம்பளையாளுட்ட கேக்கவா முடியும்?” என்று சிரித்தார்.

எங்கள் மாவட்டத்தில் நிலாவாரை எதற்கு என்று தெரியாதவர் கிடையாது. இங்கே வயல் வயலாக விளைகிறது. கரூர்ப் பக்கம் எப்படியோ தெரியாது. ஆனால் இந்த ஊருக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து எத்தனை காலம் ஆகிறது?

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 28, புதன்

மரகதம் இட்லி வைத்தாள். நான் ஒரு நொடி தாமதித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

ஜூன் 29, வியாழன்

சுபாஷினி வீடு திரும்பிவிட்டாள். லேகிய டப்பாக்களை மாப்பிள்ளை சாக்கடையில் கொட்டினாராம்.

மரகதம் இன்று கடைத்தெருவுக்குப் போய் வந்தாள். வந்ததிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. கேட்டால் பதில் வருகிறது, அவ்வளவுதான்.

ஜூலை 1, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

செண்பகவல்லி சொன்ன பூண்டு மனத்தில் கிடந்தது. மதியம் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். மரகதம் பார்த்துச் செய்த பக்கத்தில் பூண்டு இருக்கிறதா, அவள் வேண்டுமென்றே விட்டாளா என்று பார்த்துவிட்டால் முடிந்தது.

‘ச’ பாரத்தின் கடைசிப் பக்கத்தின் அடியில், ‘பிள்ளை பெற்றவர்க்கு லேகியம்’ என்று தலைப்பு. கீழே: ‘சுக்கு, மிளகு, திப்பிலி, சதகுப்பை, ஓமம் இவற்றை வறுத்து இடித்துச் சலித்து’. பக்கம் முடிகிறது. புரட்டினால் ‘சு’ பாரத்தின் முதல் பக்கம்: ‘நிலாவாரை இரண்டு கைப்பிடி, கடுக்காய்த் தோல் ஒரு கைப்பிடி கூட்டி, கருப்பட்டிப் பாகில் கிளறி, நெய் விட்டு இறக்கி, காலை மாலை கொடுக்கவும். வயிற்றுக் கசடெல்லாம் கழியும்.’

எழுத்துக்கு எழுத்து அவள் செய்தது அதுதான். பூண்டு இல்லை.

அப்படியானால் அம்மா எங்கிருந்து பூண்டைப் போட்டாள்? புத்தகம் முழுவதும் தேடினேன். கடைசிப் பாரமான ‘ரு’வின் முதல் பக்கத்தில், முதல் வரியிலேயே கிடைத்தது. ‘உரித்த பூண்டை நெய்யில் வதக்கிச் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, பிள்ளை பெற்ற ஐந்தாம் நாளிலிருந்து கொடுக்கவும்.’

இதற்குத் தலைப்பு இல்லை. முந்தைய பக்கத்தில் இருந்தது ‘முற்றிற்று’. முற்றிய பிறகு பாதியில் தொடங்கும் ஒரு வாக்கியம்.

பென்சிலை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாரத்தின் கடைசி வரியும் எந்தப் பாரத்தின் முதல் வரியோடு சேர்கிறது என்று பார்த்தேன். ‘ச’வின் லேகியம் ‘ரு’வில் தொடர்கிறது. ‘ரு’வின் கடைசியில் ‘நாட்பட்ட மலச்சிக்கலுக்கு’ என்று ஒரு மருந்து தொடங்கி, ‘சு’வில் நிலாவாரையோடு முடிகிறது. ஒன்று விடாமல் எல்லாம் சேர்ந்தன. எந்தப் பாரமும் தொலைந்திருக்கவில்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை. பத்தும் இருந்தன, வேறு வரிசையில்.

அந்த வரிசையைத் தாளில் எழுதி ஒருமுறை உரக்கப் படித்தேன். “க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய.”

மரகதம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள், தலை நிமிராமல் சொன்னாள்:

“என்னங்க, தமிழ் எண்ணை ஒப்பிக்கறீங்க? சர்வீஸ் கமிஷன் பரிட்ச எழுதப் போறீங்களா இந்த வயசுல?”

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவை எழுத்துகளே அல்ல. பழைய அச்சகத்தார் தமிழ் எண்களில் பாரங்களுக்கு வரிசை எண் போட்டிருக்கிறார்கள். தமிழில் ஒன்று ‘க’ போலவும், இரண்டு ‘உ’ போலவும், எட்டு ‘அ’ போலவும் இருக்கும். பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எட்டாம் பாரத்தை முதலில் வைத்து, பத்தாம் பாரத்துக்குப் பின்னால் ஐந்தாம் பாரத்தைத் தைத்திருக்கிறேன். பக்க எண்ணின் மிச்சம் இருந்த மூலைகளைச் சீவியும் எறிந்திருக்கிறேன்.

“என்னாச்சு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்று புத்தகத்தை மூடினேன்.

ஜூலை 2, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. பால்காரர் வரவில்லை.

ஜூலை 3, திங்கள்

தாயும் குழந்தையும் நலம். யாரும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. இப்போது போய்ச் சொன்னால் கிளறிவிட்டது போலாகும். நாள் போனால் தானே ஆறிவிடும். குறிப்பிட்ட யாரையும் யாரும் வெளிப்படையாகக் குற்றம் சொல்லவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை என் நிருபர் ஒருவர் எழுதிக் கொண்டுவந்திருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

மாலையில் செண்பகவல்லி பேசினாள். “புதன்கெழம பதினாறாம் நாளு, பேரு வைக்கோம். தாய்மாமன் நீ இல்லாம முடியாது. நீ மட்டும் வந்துட்டுப் போ அண்ணே. சம்பந்தி வீட்டுல மைனியப் பாத்தா பிரச்சினையாகும்.”

சரி என்றேன். சரி என்று சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 4, செவ்வாய்

மரகதம் என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள்.

“நாளைக்கி நீயும் வா.”

“என்னையக் கூப்பிடலீங்களே.”

“நான் கூப்பிடுதேன்.”

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். நான் அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். எதிராளி எவ்வளவு தெரிந்துகொண்டு பேசுகிறார் என்று அளக்கும் பார்வை அது.

புத்தகம் நான் வைத்த தட்டில் இல்லை. அதற்கு மேல் தட்டில் இருக்கிறது. வரிசையை எழுதிய தாள் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் மடிப்பு மாறியிருக்கிறது. அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறாளா?

ஜூலை 5, புதன்

புத்தகத்தைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு போனோம். மரகதம் வாசலில் செருப்பைக் கழற்றியதும் உள்ளே பேச்சு நின்றது. சம்பந்தியம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போகப் பார்த்தார்.

“கொஞ்சம் இருங்க. ஒரு அஞ்சு நிமிசம்” என்றேன்.

தொட்டிலுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். ‘ச’வின் கடைசிப் பக்கத்தைச் செண்பகவல்லியையே படிக்கச் சொன்னேன். பிறகு பக்கத்தைப் புரட்டி அடுத்ததையும். நிலாவாரை என்று வந்ததும் அவள் நிமிர்ந்தாள். பிறகு கடைசிப் பாரத்தைத் திறந்து, பூண்டு வரும் வரியைக் காட்டினேன். எண்ணை எழுத்தென்று நினைத்து மாற்றித் தைத்தது நான்தான் என்றேன்.

மாப்பிள்ளை புத்தகத்தை வாங்கி அடியிலிருந்த குறிகளைப் பார்த்தார். “ஆமா மாமா. இது அஞ்சு. இது ஆறு” என்றார். சம்பந்தியம்மா மறுபடி உட்கார்ந்தார்.

செண்பகவல்லி புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“அப்பம் மைனி ஒண்ணும் செய்யல.”

“செய்யல.”

“எனக்குத்தான் கிறுக்கு, வாய்க்கு வந்ததப் பேசுனேன். ஒனக்கு எங்கண்ணே போச்சு? நான் போன்ல அந்தப் பேச்சு பேசுனப்போ, என் பொண்டாட்டி அப்படிச் செய்ய மாட்டான்னு ஒரு வார்த்த நீ சொல்லலியே. சொல்லியிருந்தா நான் அன்னிக்கே வாய மூடியிருப்பேன். ஒனக்கும் சந்தேகமா இருந்துச்சா?”

கேள்வி கேட்பதுதான் என் வேலையாக இருந்தது. பதிலைச் சுற்றி வளைப்பவர்களை எப்படி மடக்குவது என்று இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். மரகதம் எனக்கு இடப்பக்கம், ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இருந்துச்சு” என்றேன்.

மரகதம்தான் பேசினாள். குரல் உயரவில்லை.

“எனக்குத் தெரியுமுங்க. பொட்டுக்கடலை வாங்கப் போனப்ப மருந்துக் கடைக்காரரு கூப்பிட்டுக் கேட்டாரு, ‘சாரு வந்து விசாரிச்சாரே, என்னம்மா பிரச்சின’ன்னு. புஸ்தகத்த மாத்தித் தைச்சது கைத்தப்பு, அது யாருக்கும் வரும். நீங்க நூலகத்துக்குன்னு சொல்லிட்டுப் போனீங்க பாருங்க.”



சுபாஷினி உள்ளறைக் கட்டிலிலிருந்து கூப்பிட்டாள். இன்னும் முகம் வெளுத்திருந்தது. “அத்தை, இங்க வாங்க. பால் குடிச்சிட்டுத் தூங்க மாட்டேங்கா. ராத்திரி பூரா நான் கண்ண மூடல. செத்த நேரம் நீங்க பிடிங்க, நான் படுக்கேன்.”

மரகதம் போய் வாங்கிக்கொண்டாள். தலையைத் தாங்கத் தெரியாமல் முதலில் தடுமாறினாள். சம்பந்தியம்மாவே போய் அவள் கையை எடுத்துச் சரியாக வைத்தார்.

பெயர் வைத்துச் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது, மரகதம் செருப்புப் போட வரவில்லை.

“நாலு நாள் இங்க இருந்து புள்ளையப் பாத்துக்கறனுங்க. செண்பகம் தனியாக் கெடந்து அல்லாடறா. நீங்க போங்க. தோசை மாவு பிரிட்ஜ்ல இருக்குது.”

ஜூலை 7, வெள்ளி

நூலை அறுத்துப் பாரங்களைப் பிரித்தேன். நான் சீவியதில் ஓரங்களில் வெள்ளை இடம் குறைந்துவிட்டது. முதுகில் பசை ஏறியிருப்பதால், இன்னொரு முறை தைத்தால் திறக்கும்போது இறுகும். பரவாயில்லை. கடைசி வரியையும் அடுத்த முதல் வரியையும் படித்துப் படித்து அடுக்குகிறேன்.

‘ரு’ பாரத்தில் வாய்விட்டுப் படிக்கும்போது, அவள் நாற்காலியிலிருந்து தூரத்தில் நின்று படித்தது நினைவுக்கு வந்தது. பக்கத்தைப் புரட்டியது என் கை.

ஜூலை 9, ஞாயிறு

நாலு நாள் ஆகிவிட்டது. செண்பகவல்லி பேசினாள்.

“மைனிய நான் ஒண்ணும் பிடிச்சு வைக்கல, கேட்டியா? அவுகளாத்தான் இருக்காவ. நேத்து துணி எடுத்துட்டு வரவான்னு கேட்டேன், வேண்டாம் ஒன் சேலையக் குடுன்னுட்டாவ. நீ போன் போட்டுப் பேசு.”

“என்ன பேச?”

“அதயும் நான்தான் எழுதித் தரணுமா?”

பேட்டிக்குப் போகுமுன் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்வது என் பழக்கம். எழுதினேன்.

‘எப்போது வருகிறாய்?’ அடித்தேன். பதில் சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இருப்பது போல இருந்தது.

‘கோபமா?’ அடித்தேன். தெரிந்ததைக் கேட்பது.

‘புத்தகத்துக்குள் இருந்த தாளை எடுத்துப் பார்த்தாயா?’ இதை எழுதி முடித்தபிறகுதான், இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. எழுத்தே தெரியாத அளவுக்கு அழுத்தி அடித்தேன்.

தாளில் வேறொன்றும் மிஞ்சவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டுப் போன் போட்டேன். பின்னால் குழந்தையின் சிணுங்கல் கேட்டது. யாரென்று அவள் கேட்கவில்லை.

“சொல்லுங்க” என்றாள்.

பேட்டி கொடுக்க உட்கார்ந்தவர்களிடமெல்லாம் நான் முதலில் சொல்லும் சொல் அது. அதைச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருப்பேன். எதிரே இருப்பவர் எங்கிருந்து தொடங்குவார் என்று இதற்குமுன் நான் யோசித்ததில்லை.

அவள் காத்திருந்தாள். நூலகத்துக்குப் போகிறேன் என்று பொய் சொன்ன நாளிலிருந்து நான் சொல்லத் தொடங்கினேன்.